சமன்பாடு பத்து அதிகமாம்!

கேள்வி: உலோகக் கம்பியில் வெப்பம் பரவுவதை மாடலிக்காவில் (சமன்பாடுகளாக எழுதிச் சிமுலேஷன் செய்யும் மொழி) எழுதுகிறேன். கம்பியை 10 துண்டாக்கி, எல்லாத் துண்டுக்கும் ஒரே துணைமாடல். அதில் வெப்பக் கடத்துத்திறன் ஒரு பாராமீட்டர். மேல்மாடலில் 10 மதிப்புள்ள ஒரு அர்ரே வைத்து, சமன்பாட்டுப் பகுதியில் ஃபார் லூப் போட்டு ஒவ்வொன்றாகச் சமப்படுத்தினேன். மாறிகளைவிடச் சமன்பாடுகள் 10 அதிகம் என்கிறது கம்பைலர். பைத்தானில் இப்படித்தானே செய்வோம்?

பதில்: பைத்தான் பழக்கம்தான் காலை வாரிவிட்டது. அங்கே சமக்குறி என்றால் ‘இந்த மதிப்பை இதில் போடு’. இங்கே சமன்பாட்டுப் பகுதியில் வரும் சமக்குறி, ‘இரண்டும் எப்போதும் சமம்’ என்ற உறவு. ஒவ்வொரு உறவும் தெரியாத ஒரு மாறியைக் கண்டுபிடிக்கப் பயன்பட வேண்டும். பாராமீட்டரோ சிமுலேஷன் ஓடத் தொடங்கும் முன்பே தெரிந்துவிட்ட எண். அதற்கு 10 சமன்பாடு எழுதினால், கண்டுபிடிக்க எதுவுமில்லாமல் அவை சும்மா தொங்கும். கம்பைலர் சரியாகத்தான் எண்ணியிருக்கிறது.

லூப்பை அழித்துவிட்டு, துண்டுகளை அறிவிக்கும் வரியிலேயே இணைத்துவிடுங்கள். புரிவதற்காகப் பெயர்களைத் தமிழில் எழுதுகிறேன் (கம்பித்துண்டு உங்கள் துணைமாடல், க அதிலுள்ள கடத்துத்திறன், கடத்து மேல்மாடலின் அர்ரே):

கம்பித்துண்டு து[10](க = கடத்து);

து பத்து என்பதால் அதற்குள் இருக்கும் க-வும் பத்து. கடத்து அர்ரே அதனுடன் ஒன்றுக்கு ஒன்றாகப் பொருந்திவிடும். நீளம் எல்லாத் துண்டுக்கும் ஒரே 0.1 என்றால், அதே அடைப்புக்குள் ‘ஈச் நீளம் = 0.1’ என்று எழுத வேண்டும் (ஈச் என்றால் ‘ஒவ்வொன்றுக்கும்’). ஈச் விட்டுப்போனால் தனி எண்ணை அர்ரேயில் பொருத்தப் பார்ப்பதாகக் கம்பைலர் நினைத்துக்கொள்ளும்.

சரி, கடத்து என்பதும் பாராமீட்டர்தானா? வெறும் ரியல் மாறி என்றால் இந்த வரியும் செல்லாது. ஓட்டத்தின் நடுவே மாறக்கூடியதை மாறாத ஒன்றில் கட்ட முடியாது. கடத்துத்திறன் வெப்பநிலையோடு மாறும் என்று நாளைக்கே நீங்கள் சேர்க்கத்தான் போகிறீர்கள். அப்போது துணைமாடலில் க-வுக்கு முன்னால் இருக்கும் பாராமீட்டர் என்ற சொல்லை எடுத்துவிட்டு இன்புட் (வெளியிலிருந்து வரும் மதிப்பு) என்று போடுங்கள். மேலே சொன்ன வரி அப்படியே வேலை செய்யும். உங்கள் பழைய லூப்பும்கூட அப்போது செல்லும், ஆனால் இரண்டையும் சேர்த்து எழுதினால் மறுபடி அதே பத்து!

தொடக்க நொடியின் கணக்கிலிருந்து மதிப்பை எடுத்து, அப்புறம் மாறக்கூடாது என்றால் பாராமீட்டராகவே வைத்துக்கொள்ளலாம். அதன் ஃபிக்ஸ்ட் பண்பை (மதிப்பு முன்பே தெரிந்ததா என்று சொல்வது) ஃபால்ஸ் ஆக்கி, அதற்கான சமன்பாட்டைத் தொடக்கச் சமன்பாட்டுப் பகுதியில் எழுதுங்கள்.

துணைமாடலின் பாராமீட்டரே அர்ரேயாக இருந்தால்? 10 துண்டு, துண்டுக்கு 4 அடுக்கு என்றால் மேலிருந்து 10-க்கு 4 மேட்ரிக்ஸ் வர வேண்டும். வரிசை துண்டுக்கு, நெடுவரிசை அடுக்குக்கு. நான் ஒருமுறை 4 துண்டு, 4 அடுக்கு வைத்துச் சோதித்தபோது மேட்ரிக்ஸைப் புரட்டிக் கொடுத்துவிட்டேன். அளவு பொருந்தியதால் ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. விடை தப்பு என்று பிடிக்க இரண்டு நாள் போனது. இப்போதெல்லாம் சோதனைக்கு 5 துண்டு, 4 அடுக்குதான். புரட்டிப் போட்டால் கம்பைலரே கத்திவிடும்.