நீருக்கு அடியில்: வாசகர் கேள்வி – பதில்

(பதிலளிப்பவர் இருபது ஆண்டுகளாக அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்து டாம்பாவில் வசிப்பவர், சிலிண்டர் காற்றோடு நீரில் மூழ்கும் ஸ்கூபாவை ஐம்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டவர்.)

கேள்வி: ஃப்ளோரிடாவில் வேலை செய்யும் என் மகன், அங்குள்ள வெனிஸ் என்ற ஊரின் கடற்கரையிலிருந்து நேராக இறங்கியே, எப்போதோ அழிந்துபோன ராட்சதச் சுறாவான மெகலடானின் பல்லை எடுத்துவிடலாம், படகே வேண்டாம் என்கிறான். என்னிடம் ஸ்கூபா சான்றிதழ் இருக்கிறது. நம்பிப் புறப்படலாமா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மகன் சொல்வதில் பாதி உண்மை, பாதி அப்பாவை வரவழைக்கும் ஆசை. கரையிலிருந்து நீந்திப் போய்ப் பல் எடுக்கலாம், நானே எடுத்திருக்கிறேன். ஆனால் உள்ளங்கையை நிறைக்கும் முழுப் பல்லை மனத்தில் வைத்து டிக்கெட் எடுக்காதீர்கள். அது பெரும்பாலும் படகில் சற்றுத் தள்ளிப் போகிறவர்களுக்கே அகப்படுகிறது. கரையோரத்தில் கிடைப்பவை எலுமிச்சைச் சுறா, புலிச்சுறா இனங்களின் விரல்நகம் அளவுப் பற்கள். அவற்றோடு, யோகம் இருந்தால், மெகலடானின் உடைந்த துண்டு ஒன்று.

முதல் தடவை நான் செய்த தவறைச் சொல்கிறேன். மீன் பார்க்கப் போனவனைப் போல நீந்திக்கொண்டே இருந்தேன். ஒரு சிலிண்டர் காற்றும் தீர்ந்தது, பார்த்ததெல்லாம் மணல். கரையேறியபோது பக்கத்தில் ஒரு பெரியவர் பை நிறையப் பல்லோடு உட்கார்ந்திருந்தார். அவர் மொத்தமாகவே பத்துப் பதினைந்து அடிதான் நகர்ந்தாராம்!

விஷயம் இதுதான். பல்லும் எலும்பும் கல்லாகிவிட்டதால் மணலைவிடக் கனம். அலை மணலை அள்ளிக்கொண்டு போகும். கனமானவை ஓரிடத்தில் தங்கிவிடும். ஆகவே பல்லைத் தேடாதீர்கள், சரளையைத் தேடுங்கள். வெறும் வெள்ளை மணலில் நிற்கவே வேண்டாம். கறுப்புச் சரளையும் உடைந்த சிப்பியும், நடுநடுவே கரிக்கட்டை போன்ற உருளைத் துண்டுகளும் தென்பட்டால் அங்கேயே வயிற்றை வைத்துப் படுத்துவிடுங்கள். அந்தக் கரிக்கட்டைகள் பழங்காலக் கடல்பசுவின் விலா எலும்புகள். அடுப்புக்கு விசிறுவதுபோல் உள்ளங்கையால் மெல்ல விசிறினால் மேல்மணல் விலகும். ஆழம் இருபது அடிதான் என்பதால் காற்றும் நிதானமாகவே செலவாகும்.

என் முதல் நல்ல பல் அப்படித்தான் வந்தது. சரளைக்குள் ஒரே ஒரு கோடு மட்டும் நேராக இருந்தது. இழுத்தேன், இரண்டு அங்குலத் துண்டு, வேர்ப்பகுதி பாதி போயிருந்தது. கட்டைவிரலால் ஓரத்தை வருடினேன். அரம்போல நறநறவென்று சொரசொரத்தது. நீருக்கடியில் சிரித்தால் முகமூடிக்குள் தண்ணீர் புகும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். பிறகு கரைக்கு வந்து பார்த்தால், வலைப்பையின் மூலையில் ஓட்டை. சின்னப் பற்கள் ஒன்றுகூட மிச்சமில்லை. துண்டு மட்டும் பெரிதாக இருந்ததால் தப்பியது. மூடியுள்ள டப்பா கொண்டு போங்கள்.

மேற்கிலிருந்து இரண்டு நாள் காற்று அடித்திருந்தால் அன்று கடற்கரையில் நடந்துவிட்டு வாருங்கள். நீர் கலங்கிப்போய், நீட்டிய கையின் விரல்களே மங்கலாகத் தெரியும்.

கேள்வி: பல் எடுக்கப் போன இடத்தில் உயிருள்ள சுறா வந்துவிட்டால்? – வாசகி, சென்னை

பதில்: கடல் அதன் வீடு, வரத்தான் செய்யும். நான் பார்த்தது ஒரே ஒரு நர்ஸ் சுறா. அது என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. எனக்குப் பயம் படகுகள்மீதுதான். கீழே ஆள் இருப்பதைப் படகுக்குச் சொல்ல, மிதவையில் சிவப்புக் கொடி, குறுக்கே வெள்ளைப் பட்டை: இது இல்லாமல் இறங்குவது அங்கே சட்டவிரோதம். திறந்த கடலில் கொடியிலிருந்து 300 அடிக்குள் இருக்க வேண்டும். இன்னொன்று, கரையோரத்தில் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடங்கள். திருக்கை புதைந்து கிடக்கும். அதிர்வை உணர்ந்தால் விலகிப் போய்விடும், மிதித்தால்தான் வம்பு.

கேள்வி: எடுத்த பல்லை வைத்துக்கொள்ளலாமா? – வாசகர், மதுரை

பதில்: சுறாப்பல்லை வைத்துக்கொள்ளலாம், ஃப்ளோரிடா சட்டம் அதற்கு விலக்கு அளித்திருக்கிறது. ஆனால் நான் மேலே சொன்ன கடல்பசு விலா எலும்பு அப்படியல்ல. முதுகெலும்புள்ள உயிர்களின் மற்றப் புதைபடிவங்களை மாநில நீர்ப்பரப்பில் எடுக்க ஃப்ளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் அனுமதிச்சீட்டு வேண்டும்.

கேள்வி: என் அண்ணன் கொண்டுவந்த பல் கன்னங்கரேல் என்று இருக்கிறது. கறுப்பாக இருந்தால் மிகவும் பழையது என்று பொருளா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லை. நிறம் வயதைச் சொல்லாது, புதைந்து கிடந்த மண்ணைச் சொல்லும். வெனிஸ் பகுதிப் படிவுகளில் பாஸ்பேட் என்ற தாது அதிகம், அதனால் கறுப்பு. வேறு மண்ணில் கிடந்த அதே இனத்தின் பல் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருக்கலாம். வயது என்று கேட்டால், மெகலடான் சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது. உங்கள் அண்ணன் கொண்டுவந்தது மெகலடான் பல்தான் என்றால் வயது அதற்குக் குறையாது. ஐரோப்பாவில் நெடுங்காலம் இவற்றைக் கல்லாகிப்போன நாக்கு என்றே நினைத்தார்கள். 1666இல் இத்தாலியின் லிவோர்னோ அருகே பிடிபட்ட பெரிய சுறாவின் தலையை ஸ்டெனோ என்ற மருத்துவர் அறுத்துப் பார்த்தார். அதன் வாயில் இருந்த பற்கள் அந்த ‘நாக்கு’களைப் போலவே இருந்தன.

கேள்வி: நம் ஊரில் கிடைக்காதா? – வாசகர், பெரம்பலூர்

பதில்: நீங்களா கேட்கிறீர்கள்? உங்கள் பக்கத்துக் காரை கிராமத்துச் செம்மண் ஓடைகளில், டைனோசர் காலத்துக் கடற்படிவில், சுறாப் பற்கள் கிடைத்து ஆய்விலும் பதிவாகியிருக்கின்றன. சிலிண்டர் வேண்டாம், தொப்பி போதும். போய்ப் பாருங்கள், ஆனால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எங்கே, எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரியாமல் சட்டைப்பைக்குள் போன பல் ஆய்வாளருக்கு உதவாது.

கேள்வி: பல்லை வினிகரில் ஊறவைத்தால் பளபளக்கும் என்கிறார்களே? – வாசகி, திருநெல்வேலி

பதில்: பளபளக்காது, அரித்துவிடும். நல்ல தண்ணீரில் ஒரு நாள் போட்டு உப்பு இறங்கியதும் பழைய பிரஷ்ஷால் தேயுங்கள். பற்பசை வேண்டாம்.