மனச்சுமையும் கவனச்சிதறலும்

கேள்வி: சில்க் போர்டு சந்திப்பை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாமியாரின் மருந்து, மகனின் பள்ளிக் கட்டணம், கேஸ் சிலிண்டர் என்று பலவற்றை நினைத்துக்கொண்டே அறிக்கை எழுத உட்கார்ந்தால், பக்கத்து மேசைப் பேச்சும் தெருவின் ஹாரன் சத்தமும் வரிக்கு வரி குறுக்கிடுகின்றன. ஆனால் பொடி எழுத்து ரசீதுகளைச் சரிபார்க்கும்போது, யாராவது பெயர் சொல்லி அழைத்தாலும் காதில் விழுவதில்லை. இது ஏன்?
- ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: இவை இரண்டும் இரு வேறு சுமைகள். மனித கவனம் அளவுக்கு உட்பட்டது, செலவாகக்கூடியது என்பதை உளவியலாளர் டேனியல் கானமன் 1973-இலேயே விரிவாக எழுதினார். அந்த அளவுக்குள் பங்கீடு எப்படி நடக்கிறது என்பதை நில்லி லாவி என்ற உளவியலாளர் 1995 முதல் ஆராய்ந்தார். கண்ணுக்கு நுணுக்கமான வேலை இருந்தால், புலன்களின் திறன் முழுவதும் அதிலேயே தீர்ந்துவிடுவதால் வேறெதற்கும் மிச்சமிருப்பதில்லை. காது கூட மந்தமாகிவிடும் என்பது 2011-இல் வெளியான அவரது ஆய்வொன்றில் தெரிந்தது. ரசீதுகளோடு இருக்கும்போது உங்களுக்கு நேர்வது இதுதான்.

நினைவில் சுமக்கும் பாரம் நேர்மாறானது. எது முக்கியம், எதை ஒதுக்க வேண்டும் என்று தரம் பிரிப்பதே, இந்தப் பாரத்தைச் சுமக்கும் நினைவின் பகுதிதான். அது நிரம்பிவிட்டால் வாயில்காப்போன் இல்லாத வீடுபோல எல்லாம் உள்ளே வரும். 2001-இல் லாவியும் அவரோடு ஆய்வு செய்தவர்களும், சோதனையில் பங்கேற்றவர்களிடம், சில இலக்கங்களின் வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டே, திரையில் தெரியும் பெயர் பாப் பாடகருடையதா அரசியல்வாதியுடையதா என்று சொல்லச் சொன்னார்கள். பெயருடன் ஒரு பிரபலத்தின் முகமும் தெரியும். அதைப் பொருட்படுத்தக் கூடாது. இலக்க வரிசை கடினமாக இருந்தபோதுதான் அந்த முகம் பங்கேற்றவர்களை அதிகம் தடுமாறச் செய்தது.

நினைவில் ஒரே நேரத்தில் நிற்பவை ஏறக்குறைய நான்கு என்பது உளவியலாளர் நெல்சன் கோவனின் கணிப்பு (2001). ஒரே சமயத்தில் பல வேலை பார்ப்பதைத் திறமையாகப் பாராட்டும் நம் அலுவலகங்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஆகவே அறிக்கையைத் திறக்குமுன், மனத்தில் இருப்பவற்றைத் தாளில் இறக்கி வையுங்கள். ‘மருந்து’ என்று மட்டும் எழுதாமல், ‘மாலை 6 மணிக்கு, வீடு திரும்பும் வழியில்’ என்று நேரமும் இடமும் சேர்த்து எழுத வேண்டும். இன்னும் முடிக்காத வேலைக்குத் திட்டவட்டமான ஏற்பாடு அமைந்தாலே அது மனத்தில் குறுக்கிடுவது குறையும் என்று உளவியலாளர்கள் மாசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011-இல் காட்டியிருக்கிறார்கள். ஹெட்ஃபோன் வெளிச்சத்தத்தைக் குறைக்குமே தவிர, உள்ளே இருக்கும் பட்டியலைக் குறைக்காது; அதில் பாட்டுக் கேட்பதானால், எழுதும் வேளையில் வரிகள் இல்லாத இசையே நல்லது.