எட்டில் ஒன்றுதான் எக்ஸ்1

கேள்வி: பாம்பனில் நாட்டுப்படகு வைத்திருக்கிறேன். ராமநாதபுரத்தில் ஒரு கடையில் ஸ்னாப்டிராகன் 888 சிப் போட்ட பழைய போன் 15,000 ரூபாய்க்கு வருகிறது. “எட்டு கோரும் எக்ஸ்1, புதுசு எதுவும் கிட்ட நிக்காது” என்கிறார் கடைக்காரர். கடலில் ஜிபிஎஸ், காற்று நிலவரம், கரைக்கு வந்தால் வீடியோ, அவ்வளவுதான் என் தேவை. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கோர் என்பது சிப்புக்குள் கணக்குப் போடும் மூளை, எக்ஸ்1 அதில் வேகமான ஒரு வகை. முதலில், எட்டும் எக்ஸ்1 இல்லை. 888-இல் கார்டெக்ஸ்-எக்ஸ்1 ஒன்றே ஒன்றுதான், 2.84 கிகாஹெர்ட்ஸ். மீதி மூன்று ஏ78, நான்கு சின்ன வேலைகளுக்கான ஏ55.

2020-இல், இந்தக் கோர்களை வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனம் எக்ஸ்1, ஏ78 இரண்டையும் சேர்த்தே அறிவித்தது. ஏ78 சார்ஜைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும். எக்ஸ்1-க்கு அந்தக் கவலை குறைவு, வேகம்தான் முக்கியம். ஒரு சுற்றில் ஏ78 நான்கு கட்டளைகளைப் பிரித்தெடுத்தால் இது ஐந்தைப் பிரிக்கும். கோருக்குப் பக்கத்திலேயே இருக்கும் வேகமான கேச் நினைவகமும் பெரிது. ஆனால் அது தம் பிடித்து ஓடுகிற ஓட்டம். ஆப் திறக்கும் நொடியில் தெரியும். சூடு ஏறினால் போன் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 888 ஏற்கெனவே சூட்டுக்குப் பேர் வாங்கிய சிப். உச்சி வெயிலில், வெளிச்சத்தை முழுக்கக் கூட்டி, படகுப் பலகையில் வைத்தால் கேட்கவே வேண்டாம்.

ஜிபிஎஸ்ஸுக்கு எக்ஸ்1 தேவையே இல்லை. (கச்சத்தீவுப் பக்கம் எல்லைக்கோடு பார்க்க எந்தப் போனையும் மட்டும் நம்பிப் போகாதீர்கள். படகு ஜிபிஎஸ் கருவி கட்டாயம் இருக்கட்டும்.)

பழைய போனில் நான் பயப்படுவது உப்புக்குத்தான். ஐபி68 என்ற நீர்க்காப்புத் தரம் நல்ல தண்ணீரில் சோதித்துக் கொடுப்பது, கடல் தண்ணீருக்கு அல்ல. டிஸ்ப்ளே மாற்றியிருந்தால் அந்தக் காப்பும் போயிருக்கும். சார்ஜ் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், பச்சை பூத்திருந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அதே விலையை ஒட்டி ஸ்னாப்டிராகன் 7எஸ் ஜென் 2 அல்லது டைமன்சிட்டி 7050 சிப் உள்ள புதுப் போன் கிடைக்கிறதா பாருங்கள். இரண்டிலும் ஏ78 கோர்கள் உண்டு, உங்கள் வேலைக்குத் தாராளம். வாரண்டியும் இருக்கும். வீட்டில் பையன் பெரிய கேம் ஆடுவான் என்றால் மட்டும் கணக்கு வேறு.

இல்லை, 888-தான் வேண்டும் என்றால், *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணை (போனின் அடையாள எண்) 14422-க்கு, முன்னால் ‘கேஒய்எம்’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எஸ்எம்எஸ் அனுப்பி, திருட்டுப் போன் இல்லையே என்று சரிபாருங்கள். பிறகு, எட்டு கோரும் எக்ஸ்1 என்பதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். எழுத மாட்டார்.