பதில்: புரையேறுற அப்பாவுக்கு மவுத்வாஷ் கொடுக்கலாமா?

வணக்கம் சகோ. பக்கவாதத்துக்கு அப்புறம் அப்பாவுக்குத் தண்ணி குடிச்சாலே புரையேறுது, நாக்குல வெள்ளை படியுது, மெடிக்கல்ல கொடுத்த குளோர்ஹெக்சிடின்ங்கிற கிருமிநாசினி மவுத்வாஷைக் கொப்பளிக்க வைக்கலாமான்னு கேட்டிருக்கீங்க.

கொப்பளிக்க மட்டும் விடாதீங்க. வாய்க் கிருமியோட அது நுரையீரலுக்குள்ள இறங்கினா நிமோனியாவே வரலாம். நிமிர்ந்து உட்கார வெச்சு, தலையைக் கொஞ்சம் முன்னால குனிய வெச்சு, மிருதுவான பிரஷ்ஷால தேய்ச்சு விடுங்க. பேஸ்ட் துளி போதும். பிறகு காஸ் துணியை (காயத்துக்குக் கட்டுற மெல்லிய வலைத்துணி) நனைச்சு, சொட்டாமப் பிழிஞ்சு, கன்னத்து உள்பக்கம் துடைங்க. வாதம் விழுந்த பக்கத்துலதான் சோறு ஒதுங்கிக் கிடக்கும், அவருக்கே தெரியாது. விரலை விடாதீங்க, கடிச்சுடுவாங்க! பிரஷ் காம்புல துணியை இறுக்கிச் சுத்திக்கோங்க.

வெள்ளை துடைச்சா வந்து, அடியில சிவந்திருந்தா பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. அதுக்கு டாக்டர் க்ளோட்ரிமசோல் மவுத் பெயின்ட் மாதிரி மருந்து எழுதுவார். நிஸ்டாட்டின்ங்கிற பூஞ்சை மருந்து எழுதினா குளோர்ஹெக்சிடினோட சேர்த்துப் போடாதீங்க, மருந்து வேலை செய்யாது. துடைச்சும் போகாத திட்டுன்னா, அதுவும் புகையிலை போட்டவர்னா, தள்ளிப்போடாம பல் டாக்டர்கிட்ட காட்டுங்க. சர்க்கரையும் பார்த்துடுங்க. பல்செட் இருந்தா ராத்திரி கழட்டித் தேய்ச்சுக் கழுவித் தண்ணியில போட்டு வைங்க, பூஞ்சை அதுல நல்லா ஒட்டிக்கும்.

வாங்கின பாட்டில்? டாக்டர் சரின்னா, அதுல தோய்ச்சுப் பிழிஞ்ச காஸால துடைக்கலாம், பேஸ்ட் போட்டு அரை மணி கழிச்சு. நாளாக ஆகப் பல்லு பழுப்பாகும், ருசியும் கெடும். ஏற்கனவே சாப்பிட மல்லுக்கட்டுறவர்னா நான் அதைத் தொடவே மாட்டேன்.