ஹெர்ஷி வரை போன பையன்: ஸ்காலர்ஷிப்பை நம்பி 401(கே)-யில் கை வைக்கலாமா?

கேள்வி: நாங்கள் பென்சில்வேனியாவில் பதினெட்டு வருடமாக இருக்கிறோம். மகன் 11ஆம் வகுப்பு, மகள் 8ஆம் வகுப்பு. இருவரும் இங்கேயே பிறந்தவர்கள். மகன் ஆறாம் வகுப்பிலிருந்து மல்யுத்தம் செய்கிறான். இந்த சீசனில் 139 பவுண்டு பிரிவில் 38 வெற்றி, 6 தோல்வி. ஹெர்ஷியில் நடந்த மாநிலப் போட்டிக்குத் தகுதி பெற்றான். அங்கே இரண்டு ஆட்டமும் தோற்று முதல் நாளே வெளியே வந்துவிட்டான். மதிப்பெண் சராசரி 4-க்கு 3.7. பெரிய கிளப் ஒன்றில் சேர்த்து தேசியப் போட்டிகளுக்கு அனுப்பினால் டிவிஷன் 1, அதாவது கல்லூரி விளையாட்டின் மேல்மட்டத்தில் உள்ள கல்லூரியில் ஸ்காலர்ஷிப் கிடைக்கும் என்று ஒரு பயிற்சியாளர் சொல்கிறார். இப்போதே வருடத்துக்கு 11,000 டாலர் செலவாகிறது. அடுத்த பதினெட்டு மாதத்தில் இன்னும் 25,000 வேண்டும். 529 என்ற கல்லூரிச் சேமிப்புக் கணக்கில் மாதம் 700 போடுவதை நிறுத்தினால் 12,600 வரும்; மீதியை 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்பில் கடன் எடுக்கலாம் என்பது என் யோசனை. என் கணவருக்கு இதில் சம்மதமில்லை. இருவர் வருமானம் சேர்த்து 1,48,000. 529-ல் 46,000 இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, முதலில் பையனுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். பென்சில்வேனியாவில் ஹெர்ஷி வரை போவது சின்ன விஷயமில்லை. இந்த விளையாட்டில் நாட்டிலேயே கடினமான மாநிலங்களில் அதுவும் ஒன்று. அங்கே இரண்டு ஆட்டம் தோற்றதால் அவன் திறமை குறைந்துவிடாது.

ஆனால் பண விஷயத்தில் நான் உங்கள் வீட்டுக்காரர் பக்கம்தான். 529-ஐ நிறுத்த வேண்டாம், 401(கே)-யைத் தொட வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

ஸ்காலர்ஷிப் என்றதும் நம் வீடுகளில் முழுப் படிப்பும் இலவசம் என்றுதான் நினைக்கிறோம். மல்யுத்தத்தில் அப்படி இருந்ததே இல்லை. 2025 வரை ஒரு டிவிஷன் 1 அணி முழுவதற்கும் சேர்த்து 9.9 ஸ்காலர்ஷிப்தான் அனுமதி. அணியில் 33 பேர் இருந்து சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 30 சதவீதம். சமமாக யாரும் பிரிக்க மாட்டார்கள். நட்சத்திரங்களுக்குப் பெரும்பங்கு போகும், மற்றவர்களுக்குப் புத்தகச் செலவுக்கு ஆகிற அளவு கிடைக்கும், பலருக்கு ஒன்றுமே இருக்காது.

2025 ஜூனில், கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் வழக்கில் நீதிமன்றம் ஒப்புதல் தந்த சமரசத்துக்குப் பிறகு அந்த 9.9 வரம்பு போய்விட்டது. அந்த ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகள் விரும்பினால் அணியில் எல்லோருக்கும் முழு உதவி தரலாம். அதைக் கேட்டுத்தான் உங்கள் பயிற்சியாளர் நம்பிக்கையாகப் பேசுகிறார் போலிருக்கிறது. ஆனால் அதே ஏற்பாட்டில் அணியின் அளவு 30 பேருக்கு மேல் போகக்கூடாது என்றும் இருக்கிறது. கல்லூரிகள் வீரர்களோடு பகிரும் வருமானத்தில் பெரும்பகுதி கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது. தரலாம் என்று அனுமதி வந்திருக்கிறது, அவ்வளவுதான். தருவதற்குப் பணம் வைத்திருக்கும் மல்யுத்த அணிகள் கொஞ்சம்தான்.

இந்த 30 பேர் கணக்கை இன்னும் கொஞ்சம் பாருங்கள். கல்லூரியில் 125 பவுண்டு முதல் 285 வரை பத்து எடைப் பிரிவுகள். ஒரு பிரிவுக்கு சராசரியாக மூன்று பேர். ஆட்டத்தில் இறங்குபவன் ஒருவன். மற்ற இருவரும் தினமும் அதே பயிற்சியைச் செய்து, அதே பசியைத் தாங்கி, ஆட்டத்தன்று ஓரத்தில் உட்கார்ந்து கை தட்டுவார்கள். அந்த இருவருமே தங்கள் மாநிலத்தில் மெடல் வாங்கியவர்களாக இருப்பார்கள். பள்ளியில் மல்யுத்தம் செய்பவர்களில் என்.சி.ஏ.ஏ.வின் ஏதாவது ஒரு டிவிஷனுக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். டிவிஷன் 1 என்றால் ஏறக்குறைய ஒருவர்.

ஆட்டமும் வேறு ஆட்டம்தான். பள்ளியில் இரண்டு நிமிடமாக மூன்று சுற்று. கல்லூரியில் முதல் சுற்றே மூன்று நிமிடம், மொத்தம் ஏழு. பள்ளியில் இல்லாத ‘ரைடிங் டைம்’ கல்லூரியில் உண்டு: எதிராளியை விட ஒரு நிமிடம் கூடுதலாக மேலே இருந்து அடக்கி வைத்திருந்தால் கடைசியில் ஒரு புள்ளி. பள்ளியில் கீழே மாட்டினால் இரண்டு உதறலில் எழுந்துவிடும் பையன், கல்லூரியில் இருபத்திரண்டு வயது ஆள் இடுப்பைக் கட்டிக்கொண்டு தொங்கும்போது எழ முடியாமல் கிடப்பான். உங்கள் மகன் ஆடுவது 139-ல். கல்லூரியில் 141 அல்லது 149. சீசன் இல்லாதபோது அவன் எடை எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. அங்கே 149-ல் நிற்பவர்களில் பலர் சாதாரண நாளில் 160-க்கு மேல் இருக்கும் முழு ஆண்கள்.

உங்கள் மாநிலத்துப் பையன் ஸ்பென்சர் லீயையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் 144 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. அந்தத் தோல்வியும் 2017-ல், கடைசி ஆட்டத்தில், அதே ஹெர்ஷியில். பிறகு அயோவாவுக்குப் போய் மூன்று முறை தேசிய சாம்பியன் ஆனார். ஆனால் முழங்கால் தசைநார் கிழிந்த நிலையிலேயே ஆட வேண்டியிருந்தது. 2023-ல் நான்காவது பட்டத்துக்குப் போனபோது அரையிறுதியில் தோற்றார். இவரைப் போன்றவர்களுக்குத்தான் முழு ஸ்காலர்ஷிப் தேடி வருகிறது. நம் குடும்பத்தின் ஓய்வுக்காலப் பணத்தை அந்த வரிசையில் வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, ஸ்காலர்ஷிப் கிடைத்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். சில வருடம் முன்பு ஒரு தம்பதி கல்லூரியிலிருந்து வந்த உதவிக் கடிதத்தை என் மேசையில் விரித்து வைத்தார்கள். மொத்தச் செலவு 54,000. கீழே தடித்த எழுத்தில் ‘உங்கள் உதவி 49,500’. அந்த அம்மாவின் கண்ணில் தண்ணீர். நான் பேனாவை எடுத்து ஒவ்வொரு வரியாகப் போனேன். மல்யுத்தத்துக்கு 5,000. மதிப்பெண்ணுக்கு 14,000. மாணவர் பெயரில் கடன் 5,500. வளாகத்தில் வேலை செய்து அவனே சம்பாதிக்க வேண்டியது 2,500. பேரன்ட் ப்ளஸ் என்ற பெற்றோர் கடன் 22,500. கடனையும் கூலியையும் அடித்துவிட்டால் உண்மையில் கொடுத்தது 19,000. அவர்கள் தலையில் வருவது வருடத்துக்கு 35,000. அதே பையனுக்கு டிவிஷன் 3 கல்லூரி ஒன்று மதிப்பெண்ணுக்கு மட்டும் 29,000 தந்திருந்தது. அந்தக் கடிதத்தில் மல்யுத்தம் என்ற சொல்லே இல்லை என்பதால் அதைப் பையில் மடித்து வைத்திருந்தார்கள்.

டிவிஷன் 3-ல் விளையாட்டுக்காக ஒரு டாலர்கூட தரக்கூடாது என்பது விதி. ஐவி லீக்கும் அப்படித்தான். ஐவி லீக்கில் குடும்பத்தின் பணத் தேவையைப் பார்த்து மட்டுமே உதவி. அதனால் நம் ஆட்கள் டிவிஷன் 3 என்றதும் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் 3.7 சராசரி இருக்கும் பையனுக்குப் பெரும்பாலும் மதிப்பெண் பணம்தான் மல்யுத்தப் பணத்தை விடப் பெரியது. தோள்பட்டை இறங்கினாலும் அது நிற்காது. படிப்பு சராசரியைக் காப்பாற்றினால் போதும். ஆட்டத்தின் தரமும் குறைந்ததல்ல: அயோவாவின் வார்ட்பர்க் போன்ற அணியின் பயிற்சி அறைக்குள் போய்ப் பார்த்தவர்கள் டிவிஷன் 3-ஐ லேசாகப் பேச மாட்டார்கள். நடுவில் டிவிஷன் 2 இருக்கிறது, உங்கள் மாநிலத்திலேயே பிட்ஸ்பர்க்-ஜான்ஸ்டவுன் போல. அங்கே கொஞ்சம் விளையாட்டுப் பணமும் கொஞ்சம் மதிப்பெண் பணமும் சேர்ந்து வரலாம்.

அதனால் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரே கேள்வியைப் போட்டுப் பாருங்கள். மல்யுத்தத்தை எடுத்துவிட்டால், இந்த விலைக்கு இந்தக் கல்லூரியில் அவனைச் சேர்ப்போமா? ஆம் என்றால் சேருங்கள், ஸ்காலர்ஷிப் வந்தால் அது மேல்வரும்படி. இல்லை என்றால் பயிற்சியாளர் எவ்வளவு அழகாகப் பேசினாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஒவ்வொரு கல்லூரியின் வலைத்தளத்திலும் நிகர விலை கணக்கிடும் கருவி இருக்கும், சட்டப்படி இருந்தாக வேண்டும். வருமான வரிக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலையில் இருவரும் உட்கார்ந்தால் ஆறு கல்லூரிக்குப் போட்டு முடித்துவிடலாம்.

401(கே) கடனைப் பற்றி. கடன் எடுத்தவர் வேலையை விட்டாலோ, வேலை போனாலோ, பெரும்பாலும் பாக்கியை அந்த வருட வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கெடுவுக்குள் கட்டியாக வேண்டும். இல்லையென்றால் எடுத்த பணமாகவே கருதி வருமான வரியோடு 10 சதவீத அபராதமும் போடுவார்கள். வேலை போன மாதத்திலேயே அந்தக் கடனும் கழுத்தை நெரித்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: கல்லூரி உதவிக்கான ஃபாஃப்ஸா விண்ணப்பத்தில் 401(கே)-யில் இருக்கும் பணத்தைச் சொத்தாக எண்ண மாட்டார்கள். இருக்கிற இடத்தில் இருக்கும்வரை அது உங்களுக்குக் கவசம்.

529 கணக்கில் போடுவதை நிறுத்தத் தோன்றுவதற்கு ஒரு பயமும் காரணமாக இருக்கலாம்: ஸ்காலர்ஷிப் வந்துவிட்டால் இந்தப் பணம் முடங்கிவிடுமோ என்று. முடங்காது. ஸ்காலர்ஷிப் தொகை அளவுக்கு எடுத்தால் 10 சதவீத அபராதம் கிடையாது, லாபத்துக்கு மட்டும் வரி. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் செலவழிக்கலாம். பெயரை மகளுக்கு மாற்றலாம். கணக்கு தொடங்கிப் பதினைந்து வருடம் ஆகியிருந்தால், ஆயுள் முழுவதற்கும் சேர்த்து 35,000 டாலர் வரை பிள்ளையின் ராத் ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வுக்காலக் கணக்குக்கு வருடா வருடம் உள்ள வரம்புக்குள் மாற்றவும் வழி இருக்கிறது. அவனுக்கு மூன்று வருடம் பின்னால் மகளும் கல்லூரிக்கு வருகிறாள், மறக்காதீர்கள். ஒரு வருடம் இருவரும் ஒன்றாகக் கல்லூரியில் இருப்பார்கள். இரண்டு பிள்ளை என்று ஃபாஃப்ஸாவில் முன்பு கிடைத்த சலுகை இப்போது இல்லை.

உங்கள் வருமானத்துக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. இருவரும் சேர்ந்து வரித் தாக்கல் செய்து வருமானம் 1,60,000-க்குள் இருந்தால், கல்லூரி மாணவருக்கான வரிச் சலுகை வருடம் 2,500 டாலர் முழுதாகக் கிடைக்கும், நான்கு வருடத்துக்கு. அதற்கு ட்யூஷனில் 4,000 டாலரை 529-லிருந்து எடுக்காமல் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டும். இதைப் பலர் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். பெற்றோர் கடனை நம்பியும் இருக்காதீர்கள்: 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்கு ஒரு பிள்ளைக்கு வருடம் 20,000, மொத்தம் 65,000 என்று வரம்பு வந்துவிட்டது.

அப்போ மல்யுத்தத்துக்கு? வருடம் 11,000-ஐ நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நீங்கள் அளந்து போட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அதைக் கல்லூரிக்கான முதலீடு என்று எழுதாமல் பிள்ளை வளர்ப்புச் செலவு என்று எழுதுங்கள். பாட்டுக்கும் பரதநாட்டியத்துக்கும் கட்டும் பணத்தை யாரும் திரும்பக் கேட்பதில்லையே. அந்த 11,000-க்குள்ளேயே கொஞ்சம் இடம் மாற்றுங்கள். தனிப் பயிற்சி நேரத்தைப் பாதியாக்கி, அவனுக்குப் பிடித்த இரண்டு கல்லூரிகள் கோடையில் நடத்தும் முகாமுக்கு அனுப்புங்கள். அவனைச் சேர்க்கப்போகும் பயிற்சியாளரே பாயில் பக்கத்தில் நின்று பார்ப்பார். ஜூலையில் ஃபார்கோவில் நடக்கும் தேசியப் போட்டி பெரிய மேடைதான், ஆனால் அங்கே ஃப்ரீஸ்டைலும் கிரேக்கோ-ரோமனும். கல்லூரியில் ஆடுவது ஃபோக்ஸ்டைல் என்ற வேறு முறை.

கல்லூரிப் பயிற்சியாளர்களோடு பேசும்போது நீங்கள் வாயை மூடிக்கொண்டு அவனையே பேச விடுங்கள், பணம் வரும்போது மட்டும் நீங்கள் கேளுங்கள். என் மகன் எடையில் இப்போது எத்தனை பேர், எந்த வருடத்தில் படிக்கிறார்கள்? பணம் ஒரு வருடத்துக்கா, நான்கு வருடத்துக்கா? முதல் வருடம் போட்டியில் இறக்காமல் ரெட்ஷர்ட் செய்து படிப்பு ஐந்தாவது வருடத்துக்கு நீண்டால் அந்த வருடத்துக்கு யார் கட்டுவது? காயம் பட்டால் எந்த இன்ஷூரன்ஸ் முதலில் கொடுக்கும்? வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை, கையெழுத்திட்ட உதவி ஒப்பந்தம் வரும்வரை வேறு கல்லூரி விண்ணப்பங்களை நிறுத்தாதீர்கள். டிவிஷன் 1-க்கும் 2-க்கும் 16 அடிப்படைப் பாடங்கள் என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தில் பதிவாகியிருக்க வேண்டும், அதைப் பள்ளி ஆலோசகரிடம் இந்த மாதமே சரிபாருங்கள்.

கடைசியாக, பணத்தில் சேராத ஒன்று. பெரிய கிளப், பெரிய போட்டி என்று போகும்போது எடையைக் குறை என்ற பேச்சும் கூடவே வரும். 1997 கடைசியில் ஐந்து வாரத்துக்குள் மூன்று கல்லூரி வீரர்கள் எடை குறைக்கப் போய் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் எடை பார்க்கும் விதிகளையே என்.சி.ஏ.ஏ. மாற்றியது. அடுத்த சீசனில் அவன் 139-ல் நிற்க சாப்பாட்டைத் தள்ளி வைக்கிறான் என்று தெரிந்தால், 145-க்கு ஏறச் சொல்லுங்கள். இரண்டு ஆட்டம் கூடுதலாகத் தோற்கட்டும், பரவாயில்லை. இட்லித் தட்டை முன்னால் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பேசிக்கொண்டிருங்கள்.