"அவன் சாப்பிட்டான் டாக்டர்"

அம்மா, முடி கொட்டுவது, படபடப்பு, மறதி என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "சில ராத்திரி, அவனும் நானும் ஒண்ணாவே போயிட்டா நல்லதுன்னு தோணுது." இந்தக் கடிதத்தில் எனக்கு முக்கியம் அந்த வரிதான்.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய். எட்டு மாதமாக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைகிறீர்கள். இப்படியொரு எண்ணம் வந்ததால் நீங்கள் கெட்ட அம்மா ஆகிவிடவில்லை. இது மனச்சோர்வு என்கிற நோயின் அறிகுறி, சிகிச்சைக்குக் கட்டுப்படும். ஆனால் அடுத்த கீமோ முடியட்டும், பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. இன்று ராத்திரிக்குள் உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். வாய் வரவில்லை என்றால் இந்தப் பதிலைப் படிக்கக் கொடுங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி சேவை இருக்கிறது; இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அதற்குத் தனிப் பிரிவு உண்டு. எப்படி, எப்போது என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்திருந்தால் வாரமெல்லாம் கிடையாது, இப்போதே கிளம்புங்கள். அதுவரை தனியாக இருக்காதீர்கள், பிள்ளையோடும் தனியாக இருக்க வேண்டாம்.

அப்புறம், மாமியாரின் அல்ப்ரசோலம், பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் வரவைக்கும் அந்த மாத்திரை. அவருக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை மூன்று மாதமாக தினமும் நீங்கள் போடுகிறீர்கள், போதாமல் முழு மாத்திரை ஆக்கிவிட்டீர்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. கீமோ எடுக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்றாலே அவசரம். பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று இருக்க முடியாது, உடனே ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அந்த மாத்திரை போட்ட ராத்திரியில் அவன் நெற்றி சுடுவது உங்கள் கைக்குத் தெரியுமா? அதற்காக நாளையே சட்டென்று நிறுத்தியும் விடாதீர்கள், வலிப்பு வரலாம். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அட்டைகள் இன்றே கணவர் கைக்குப் போகட்டும், அன்றன்றைக்கு உள்ளதை மட்டும் அவர் எடுத்துக் கொடுக்கட்டும்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்தில் முடி கொட்டும், பிறகு முளைக்கும். மறதி தூக்கமின்மையால். படபடப்புக்கு ஹீமோகுளோபினும் தைராய்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவனிடமிருந்து உங்களுக்குப் புற்றுநோய் ஒட்டாது. கர்ப்பத்தில் செல்போன் பார்த்ததாலோ கிரகணத்தில் வெளியே வந்ததாலோ இது வரவில்லை. சர்க்கரை புற்றுநோயை வளர்க்கும் என்று யூடியூப்பில் யாரோ சொன்னதைக் கேட்டுப் பிள்ளைக்குப் பாயசத்தை நிறுத்தியிருக்கிறீர்களே, கொடுங்கள். வாய்ப்புண்ணோடு இருக்கிற பிள்ளை எதையாவது ஆசைப்பட்டுச் சாப்பிட்டால் எங்களுக்குச் சந்தோஷம்.

வார்டில் காலை ரவுண்டில் அம்மாக்களிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பேன். "அவன் சாப்பிட்டான் டாக்டர்" என்பார்கள். நான் கேட்டது அவர்களை. பிள்ளை மிச்சம் வைத்த அரை இட்லி ஸ்டூல் மேல் காய்ந்துகொண்டிருக்கும், அதுதான் அவர்களுடைய காலை உணவு. இந்த நோய்க்கு மொத்த சிகிச்சை இரண்டிலிருந்து மூன்று வருடம். முழுதாக முடிக்கிற குழந்தைகளில் பெரும்பாலானோர் குணமாகிறார்கள். அத்தனை நாளும் அரை இட்லியில் ஓட்ட முடியாது அம்மா.

வாரத்தில் மூன்று ராத்திரி கணவரோ உங்கள் அக்காவோ அவனோடு படுக்கட்டும். அந்த மூன்று நாளும் நீங்கள் வேறு அறையில் தூங்குங்கள். பாட்டி வீட்டில் விட்டிருக்கும் பெரியவளை இந்த ஞாயிற்றுக்கிழமை வரவழையுங்கள். "அம்மா என்னை மறந்துட்டாங்களா" என்று அவள் கேட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அதற்குப் போனில் பதில் சொல்ல முடியாது.

அடுத்த முறை கீமோவுக்குப் போகும்போது, அவன் ரத்த ரிப்போர்ட்டை நீட்டுவதற்கு முன்னால், "எனக்கும் முடியலை டாக்டர்" என்று அங்கே சொல்லுங்கள்.