கோஸ்டாரிகாவில் ஜனநாயகம் நிலைத்தது, பக்கத்து நிகராகுவாவில் ஏன் நிலைக்கவில்லை?

இரண்டுமே ஸ்பெயின் ஆண்ட மத்திய அமெரிக்க நாடுகள், இரண்டிலும் காபி விளைகிறது. அப்புறம் ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டிருக்கிறீர்கள். துப்பாக்கி யார் கையில் இருந்தது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

1948இல் கோஸ்டாரிகாவின் தேர்தல் முடிவை நாடாளுமன்றம் ரத்து செய்ய, உள்நாட்டுப் போர் மூண்டது. சுமார் ஆறு வாரங்களில் ஜெயித்தவர், கிளர்ச்சிப் படையின் தலைவர் ஹோசே ஃபிகேரஸ். டிசம்பர் 1 அன்று தலைநகர் சான் ஹோசேயின் பெல்லாவிஸ்டா ராணுவ முகாமுக்குப் போய், சம்மட்டியை எடுத்து மதிலில் ஓங்கி அடித்தார். இனி ராணுவமே கிடையாது என்ற அறிவிப்பு அது! அந்த முகாம் இன்று தேசிய அருங்காட்சியகம். 1949இல் வந்த அரசியலமைப்பு பெண்களுக்கு வாக்குரிமையும் தந்தது. இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: அதே ஆண்டு நவம்பரில், ரத்து செய்யப்பட்ட அந்த 1948 தேர்தலில் வென்றிருந்த ஒட்டிலியோ உலாட்டேயிடம் ஆட்சியைக் கொடுத்துவிட்டு ஃபிகேரஸ் இறங்கினார். போரில் ஜெயித்த எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்?

சரி, இதற்கு முன்பே அங்கே அடித்தளம் இருந்தது. 1869இலேயே தொடக்கக் கல்வி இலவசம், கட்டாயம்.

நிகராகுவாவிலோ தேசியக் காவல்படை சொமோசா குடும்பத்தின் பிடியில் இருந்தது. 1979 வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், தேர்தல் நடந்தாலும் அதிகாரம் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை.